தாழியும் தொட்டிலும்

"ஆதிச்சநல்லூருக்குப் போகலாம் என்றிருக்கிறேன்" என்று நான் வீட்டில் சொன்னபோது, "அங்கே என்ன கோயில்?" என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். தாமிரபருணிக் கரையோரமாக எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாலும் அங்கே ஒரு கோயில் இருக்கத்தான் செய்கிறது. நவதிருப்பதிகளும் நவகைலாயங்களும் கூப்பிடு தூரத்தில் வரிசையாக நிற்கின்றன.

"கோயில் இல்லை, இடுகாடு" என்றேன்.

"காலாண்டு விடுமுறையில் குழந்தையை அழைத்துக்கொண்டு இடுகாடு பார்க்கப் போகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றாள். ஆனாலும் மறுநாள் புதன்கிழமை காலையில், கட்டுச் சாதமும் தண்ணீர்ப் புட்டியுமாக எனக்கு முன்னால் வாசலில் வந்து நின்றவள் அவள்தான். பத்து வயதுப் பெண் அவளுக்கும் முன்னால் தெருவில் இறங்கிவிட்டாள். சரித்திரம் போதிக்கிற உபாத்தியாயனுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை இவ்வளவு என்பதை நேயர்கள் இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

திருநெல்வேலியில் திருச்செந்தூர் பஸ் ஏறினால் பாளையங்கோட்டையைக் கடந்து, செய்துங்கநல்லூர், கருங்குளம் என்று ஊர்கள் வந்துகொண்டிருக்கின்றன. இடது கைப்பக்கம் வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் அப்பால் ஆறு கூடவே வருகிறது. வலது கைப்பக்கம் வறண்ட செம்மண். ஒரே சாலைக்கு ஒரு புறம் மருதம், மறு புறம் பாலை! வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்திய நாட்களாகையால் வெயில் தன் கடைசிப் பலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்துக்கெல்லாம் கண்டக்டர் எங்களை ஆதிச்சநல்லூரில் இறக்கிவிட்டார்.

பரம்பு

ஊரை ஒட்டிச் சரளைக்கல் நிறைந்த ஒரு மேட்டு நிலம். 'பரம்பு' என்று ஜனங்கள் அதைச் சொல்கிறார்கள். பார்வைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. முள் மரங்களும் சிவந்த கற்களும் வெயிலுந்தான். ஆனால் அந்தக் கற்களுக்கு அடியில் மூவாயிரம் வருஷத்துத் தமிழ் மக்கள் படுத்திருக்கிறார்கள், படுத்திருக்கிறார்கள் என்று சொல்வதுகூடத் தவறு, தாழிகளுக்குள் குந்தியிருக்கிறார்கள்.

1876-ஆம் வருஷம் ஜெர்மனியிலிருந்து டாக்டர் யாகோர் என்பவர் வந்து இங்கே தோண்டினார். கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்கு எடுத்துச் சென்றார். பிறகு 1899 முதல் சில வருஷங்கள் அலெக்ஸாண்டர் ரீ என்னும் ஆங்கிலேயர் தோண்டினார். பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் இரும்பு வாட்களும் அகப்பட்டன. புதைகாட்டின் பரப்பு 114 ஏக்கர் என்று அவர் குறித்து வைத்தார். அப்புறம் நூறு வருஷம் நிசப்தம். 2004-இல் நம்முடைய தொல்லியல் துறையினரே மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். சிறு பரப்புக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றோடு கிடைத்த இரண்டு மாதிரிகளை அமெரிக்காவில் சோதித்ததில் ஒன்றின் காலம் கி.மு. 905 என்றும், மற்றொன்றின் காலம் கி.மு. 696 என்றும் 2019-இல் விடை வந்தது. 2021-இல் மறுபடியும் அகழ்ந்தார்கள். 2023 ஆகஸ்டு முதல், அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, நாம் நடந்துகொண்டே கீழே தாழிகளைப் பார்க்கும்படி ஒரு காட்சிசாலை அமைத்திருக்கிறார்கள்.

கண்ணாடியின் மேல் காலை வைக்க என் மனைவிக்கு மனம் வரவில்லை. "கால் படக்கூடாது" என்று ஓரமாகவே நடந்து வந்தாள். குழந்தையோ குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இவ்வளவு பெரிய ஆள் அந்தப் பானைக்குள்ளே எப்படி இருந்திருப்பார்?"

மூவாயிரம் வருஷத்துச் சரித்திரத்தையும் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய தாயார் பதில் சொல்லிவிட்டாள்:

"நீ என் வயிற்றுக்குள்ளே இருந்தாயே, அந்த மாதிரிதான்."

ஆராய்ச்சியாளர்களிலும் சிலர் இதையே சொல்கிறார்கள். தாழி என்பது தாயின் கருப்பை. காலை மடக்கிக் கையைக் கட்டிக் குழந்தை கிடக்கும் கோலத்தில் மனிதனை மறுபடியும் மண்ணாகிய அன்னையின் வயிற்றில் வைத்தார்கள் என்பது அவர்கள் கருத்து. அதே ஊரில் கிடைத்த, விரல் நீளமே உள்ள வெண்கலப் பெண் உருவம் ஒன்றைத் தாய்த் தெய்வம் என்று சொல்கிறார்கள். அது சென்னையில் எழும்பூர்க் காட்சிசாலைக்குச் சேர்ந்தது. தாய்மையைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட ஜனங்கள் நாம். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கும்பிட்ட தாயை நாம் காப்பாற்றினோமா?

பெரிய அத்தை

இந்தக் கேள்வி அந்த இடத்தில் எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பூர்வீக வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. இரட்டைப் பின்னலும் நெற்றிச்சுட்டியுமாக ஓர் இளம் பெண். என் தகப்பனாரின் மூத்த சகோதரி. எனக்குப் பெரிய அத்தை. நான் அவளைப் பார்த்ததில்லை. 1958-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில், தலைப் பிரசவத்தில், இருபத்தோராவது வயதில் அவள் இறந்து போனாள்.

குழந்தை சுகமாகப் பிறந்தது. பிறந்த பிறகு உதிரம் நிற்கவில்லை. மருத்துவச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். "வண்டி கட்டுவோமா?" என்று பாட்டி கேட்டாள். "விடியட்டும், பார்க்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து வண்டி கட்டினார்கள். ஊர் எல்லையில் ஓடை கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. காளைகள் தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டன. பத்து வயதுச் சிறுவனாக லாந்தர் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் தகப்பனார் வண்டிக்கு முன்னால் நின்றாராம். "விளக்கு அணையாமல் பார்த்துக்கொள் என்று சொன்னார்கள், விளக்கு அணையவில்லை" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் சொல்லமாட்டார்.

பிரசவத்துக்குப் பின் வரும் கடும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே ஒரு பெண்ணைக் கொன்றுவிடக் கூடியது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே இரத்த சோகை உள்ளவளானால் அவ்வளவு நேரங்கூட வேண்டாம். இத்தகைய மரணங்களில் மூன்று விதமான தாமதங்கள் உண்டு: புறப்படுவதென்று தீர்மானிப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம். என் அத்தைக்கு முதல் இரண்டு தாமதங்களே போதுமாக இருந்தன. மூன்றாவதை அவள் பார்க்கவே இல்லை.

ரயில் நின்ற இடம்

காட்சிசாலையிலிருந்து ஆட்டோ பிடித்து, பக்கத்திலுள்ள ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்துக்கு வந்தோம். ஊர் ஆற்றுக்கு அக்கரையில்; நிலையம் இக்கரையில், புதுக்குடியில். சின்ன நிலையந்தான். ஆனால் 2023 டிசம்பரில் இந்த நிலையத்தின் பெயரைத் தேசம் முழுவதும் கேட்டது.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் இந்த ஜில்லாவில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், சுமார் 800 பிரயாணிகளோடு இங்கே நிறுத்தப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த சல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுற்றிலும் சமுத்திரம் போல் நீர். புதுக்குடி ஜனங்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொண்டுவந்து பிரயாணிகளுக்குக் கொடுத்தார்கள். 19-ஆம் தேதி விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்து, ஒரு கர்ப்பிணிப் பெண் உள்ளிட்ட சிலரை முதலில் தூக்கிச் சென்றது.

நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் இதையெல்லாம் நேற்று நடந்தது போல் வர்ணித்தார். நான் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 1958-இல் ஓர் ஓடைக் கரையில் காளை நின்றதை நினைத்தேன். ஒரு கர்ப்பிணிக்காக ஆகாய மார்க்கமாய் விமானம் வந்ததை நினைத்தேன். "என்ன முன்னேற்றம்!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"அது சரிதான் சார்" என்றார் பெரியவர். "ஆனால் ஹெலிகாப்டர் ஒரு அம்மாளுக்குத்தான் வந்தது. அந்தத் தண்ணீரிலே எங்கள் பக்கத்து ஊர்களிலே நிறைமாதக்காரிகள் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? அவர்களையெல்லாம் கணக்கு வைத்துக் கரை சேர்த்தது எங்கள் நர்சம்மா. அவளைப் பற்றி எந்தப் பேப்பரிலே போட்டான்?"

அப்போது அவர் மருமகள் கைக்குழந்தையோடு கடைக்குள்ளிருந்து வந்தாள். "இன்றைக்குப் புதன்கிழமை. நர்சம்மா ஊசி போடுகிற நாள். பேத்திக்கு ஒன்றரை மாத ஊசி" என்றார் பெரியவர். என் மனைவி என்னைப் பார்த்தாள். நாங்களும் அந்தப் பெண்ணோடு கிளம்பினோம்.

நர்சம்மாவின் நோட்டு

அந்தக் கிராமத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. துணை சுகாதார நிலையம் என்று பெயர் எழுதிய இரண்டு அறைக் கட்டிடம். வாசலில் ஒரு வேப்ப மரம். மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள். உள்ளே நீல நிறக் குளிர்ப்பெட்டி, குழந்தையை நிறுக்கும் தராசு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். சர்க்கார் பாஷையில் கிராம சுகாதாரச் செவிலியர், ஜனங்களுக்கு நர்சம்மா.

ஊசி போட்டு முடிகிற வரையில் அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்தார். ஒவ்வொரு தாயையும், "என்னம்மா, மாத்திரையைச் சாப்பிடுகிறாயா, பரணிலே போட்டுவிட்டாயா?" என்று அதட்டினார். வெட்கப்பட்டுச் சிரித்த பெண்களின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கடைசிக் குழந்தையும் அழுது ஓய்ந்த பிறகுதான், "உட்காருங்க அக்கா, வாங்க சார்" என்றார்.

நான்கு கிராமங்கள் அவர் பொறுப்பு. ஏறக்குறைய ஐயாயிரம் ஜனங்கள். கர்ப்பம் என்று தெரிந்த மூன்று மாதத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும். எடை, இரத்தம், நீர் எல்லாம் பார்த்து, அபாயம் உள்ளவர்களைப் பிரித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிரசவமான பிறகு வீடு தேடிப் போய்த் தாயையும் சிசுவையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஒரு பழைய ஸ்கூட்டரில் நடக்கிறது.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். மேஜை அறையிலிருந்து ஓரம் மடங்கிய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிரசவத் தேதி.

"கனமழை என்று எச்சரிக்கை வந்ததும் இந்த நோட்டைத்தான் பார்த்தேன் சார். அந்த மாதத்துக்குள்ளே தேதி இருந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேரை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மூன்றாவது பெண்ணின் மாமியார், இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று சொல்லி அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். 18-ஆம் தேதி காலையிலே வலி கண்டுவிட்டது. தெருவிலே இடுப்பளவு தண்ணீர். உரமூட்டை ஏற்றுகிற டிராக்டரிலே கட்டிலைப் போட்டு ஏற்றினோம். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். பெண் குழந்தை. போன வாரங்கூட ஊசிக்கு வந்தது."

ஓர் ஊரில் பிரசவத் தேதி எழுதிய நோட்டு ஒன்றும், அந்த நோட்டைப் படித்து எழுந்து போகிற ஒரு மனுஷியும் இருந்தால், ஹெலிகாப்டருக்கு வேலை குறைகிறது. என் அத்தையின் ஊரில் அந்த இரண்டும் இல்லை.

"உங்கள் பிரசவத்தை யார் பார்த்தார்கள்?" என்று என் மனைவி கேட்டாள். நான் ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டேன்.

நர்சம்மா சிரித்தார். "எனக்கு லீவு கிடைத்தது அக்கா, என் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து நர்சம்மாதான் தன் ஊர்களோடு என் ஊர்களையும் சேர்த்துப் பார்த்தாள். அவளுக்கு அப்போது இரண்டு வயதுக் குழந்தை. ஒரு நாள் இரண்டு பேருமாகத் துணை நிலையத்து வாசலில் உட்கார்ந்து அழுதோம். அப்புறம் அவள் எழுந்து எட்டு மைல் தள்ளி ஒரு வீட்டுக்குப் போனாள்."

ஐயாயிரம் பேரும் ஒரு தேசமும்

இந்த நர்சம்மா வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். அவரை உண்டாக்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.

சென்னை எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தோன்றியது. 1854-இல் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கிற்று. 1912-இல் புதுக்கோட்டைப் பெண்ணாகிய முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி வெளிவந்தார். ஆனால் கிராமத்தில் என்ன நிலைமை? பிரசவத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்தவள் அம்பட்டச்சி என்று ஒதுக்கப்பட்ட ஏழை மருத்துவச்சி. குழந்தை பிறக்கும் அறைக்குள் அவள் வரலாம். கூடத்தில் உட்காரக் கூடாது. உயிரை அவள் கையில் ஒப்படைத்த சமூகம், அவளுக்கு ஒரு சோப்புக் கட்டியும் நாலு எழுத்துப் படிப்பும் கொடுக்கத் தவறிவிட்டது. பிறகு தாய் இறந்தால் பழி மாத்திரம் அவள் தலைமேல் விழுந்தது.

1922-இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இலாகா அமைந்தது. வைத்தியம் வேறு, நோய் வராமல் காப்பது வேறு என்பதை நம் மாகாணம் ஒப்புக்கொண்டது. 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. தாய்மாரையும் குழந்தைகளையும் பேணுவது உள்ளூர் ஸ்தாபனங்களின் கடமை என்று அந்தச் சட்டம் எழுதி வைத்தது.

சுதந்திரம் வரும் தறுவாயில், 1943-இல் நியமிக்கப்பட்ட போர் கமிட்டி, இந்தியாவின் ஆரோக்கியத்தைக் கணக்கெடுத்து 1946-இல் அறிக்கை கொடுத்தது. எழும்பூர் ஆஸ்பத்திரியின் பெயரைப் புகழ் பெறச் செய்த டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அதன் அங்கத்தினர். பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் மடிகிறார்கள். பிறக்கும் ஆயிரம் சிசுக்களில் 162 ஒரு வயதுக்குள் இறக்கின்றன. இவ்வளவு பெரிய தேசத்துக்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 5,000 பேர்தான், அதாவது அறுபதாயிரம் ஜனங்களுக்கு ஒருத்தி என்று அந்த அறிக்கை சொல்லிற்று. அந்நிய ஆட்சியின் மேல் எத்தனையோ குற்றப் பத்திரிகைகள் எழுதப்பட்டன. இதைவிடக் கடுமையான ஒன்று இருக்க முடியாது.

வாழ்நாளையே இந்தக் குறைக்குக் கொடுத்தவர் ஒருவர் நம் சீமைத் தொடர்பு உள்ளவர். திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தார். மூலையில் உட்காராமல் டில்லிக்குப் போய் வைத்தியம் படித்தார். 1944-இல் கஸ்தூரிபா காந்தி சிறையில் மறைந்த பின், அவர் பெயரால் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஏற்பட்ட நிதியின் வேலையைத் தமிழ்நாட்டில் ஏற்றுக்கொண்டார். 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். சிறிய பிரசவ விடுதியாகத் தொடங்கிய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி வளர்ந்தது. நகரத்து வைத்தியரை எதிர்பார்த்துக்கொண்டிராமல் கிராமத்துப் பெண்ணையே பயிற்றி அவள் ஊருக்கே அனுப்பவேண்டும் என்ற எண்ணம் அங்கே வேலையாக மாறிற்று.

இன்று தமிழ்நாட்டில் மட்டும் 8,700-க்கு மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உண்டு. முன்பு தேசம் முழுவதற்கும் இருந்த மருத்துவச்சிகளைவிட இந்த ஒரு ராஜ்யத்தில் நர்சம்மாக்களின் ஸ்தானங்கள் அதிகம். 1994 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, எந்த இடத்தில் தாமதம் என்று எழுதி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2000-க்குப் பிந்திய வருஷங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று மூன்று நர்சுகளை நியமித்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறப்பதற்கு ஆள் இருக்க ஆரம்பித்தது. 2008-இல் 108 வண்டி ஓடத் தொடங்கிற்று.

பலன் என்ன? 1992-93-இல் நம் ராஜ்யத்தில் நூறு பிரசவங்களில் அறுபத்துச் சொச்சமே ஆஸ்பத்திரிகளில் நடந்தன. 2019-21-இல் அது 99.6. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் 2001-03-இல் 134 பேர். 2018-20-இல் 54 பேர். இதே காலத்தில் இந்தியா முழுவதற்கும் கணக்கு 301-லிருந்து 97-க்கு இறங்கியது.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே 2018-20-இல் மலைக்கு அப்பால் கேரளத்தில் கணக்கு 19. நம்மிடம் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்த சோகை இருப்பதாக 2019-21 கணக்கெடுப்பு கூறுகிறது. நூறு பிரசவங்களில் 45 கத்தியால் நடக்கின்றன என்றும் அது கூறுகிறது. இரும்புச் சத்து மாத்திரையைப் பரணில் போடாமல் சாப்பிட வைப்பதற்கும், அறுவை எப்போது அவசியம், எப்போது இல்லை என்று ஒரு பெண்ணுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வதற்கும் யந்திரம் இல்லை. மனுஷி வேண்டும், அவளுக்கு அவகாசமும் வேண்டும்.

நர்சம்மாவுக்கு இல்லாதது அந்த அவகாசந்தான். நோட்டில் எழுதியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் எழுதியதைக் கணினியில் ஏற்ற வேண்டும். புதிய திட்டம் எது வந்தாலும் கிராமத்தில் அதன் கடைசிக் கண்ணி அவர்தான். பக்கத்து ஸ்தானம் காலியானால் அதன் பளுவும் அவர் தோளுக்கு வருகிறது. ஆஸ்பத்திரி நர்சுகளிலோ அநேகர் தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக, நிரந்தரம் எப்போது என்று காத்திருக்கிறார்கள். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னை தேனாம்பேட்டையில் இதற்காகவே கூடிப் போராடினார்கள். முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் தொகையை 2018-இல் 18,000 ரூபாய் வரை உயர்த்தினோம். மிகவும் நல்லது. ஆனால் அந்தத் தொகை கைக்கு வந்து சேருவதற்கு முன்னால், அந்தப் பெண்ணின் வீட்டுப் படியேறி வந்து கண்ணிமையை இழுத்துப் பார்க்க ஒருத்தி இருக்க வேண்டாமா?

கயிறு பிடிப்பவர்

அன்று மாலை தூத்துக்குடியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இருட்டுகிற நேரத்தில் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட துறைமுகம். பாண்டியன் முத்துக்குப் பேர் போன கடல். இந்த வளைகுடாவுக்கு அக்கரையில் இலங்கை.

அந்தத் தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1926-இல் களுத்துறையில் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து தீவு முழுவதையும் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு மருத்துவச்சியை அமர்த்தினார்கள். தமிழர் அவளைக் குடும்பநல மாது என்கிறார்கள். 1950-இல் அங்கே லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மை வருஷங்களில் நாற்பதுக்கும் கீழே. இடையில் உள்நாட்டுப் போரின் துன்பம் நெடுங்காலம் நீடித்தது. அத்தனைக்கும் நடுவே குடும்பநல மாது வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். செல்வம் குறைந்த நாடும் தாய்மாரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு உலகத்தார் இலங்கையையே உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

நண்பர் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்னார். 1961-க்குப் பிறகு இங்கே சர்க்கார் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் கதைகள் இருக்கின்றன. மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் போகிறவனின் இடுப்புக் கயிற்றைத் தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். கீழேயிருந்து சுண்டினால் அந்தக் கணமே இழுத்துத் தூக்க வேண்டும். கண் அயர்ந்தால் உயிர் போயிற்று. ஆகையால் கயிறு பிடிக்க மைத்துனனையே வைப்பார்களாம். தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதை அவன் மறக்கமாட்டான் அல்லவா?

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பிரசவமும் அப்படித்தான். கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும்."

என் அத்தை முத்தோடு மேலே வந்தவள். கயிற்றைப் பிடித்திருக்க ஆள் இல்லை. இன்று ஆள் இருக்கிறார். ஆனால் ஒரே கையில் நான்கு கயிறு, ஐந்து கயிறு என்று கொடுத்துக்கொண்டே போகிறோம்.

படித்த குடும்பத்து நேயர்களுக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. உங்கள் ஊர் நர்சம்மாவின் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். வந்தால் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். அந்த ஸ்தானம் காலியாக இருந்தால், கோயில் கும்பாபிஷேகத்துக்கு மனுப் போடுகிற உற்சாகத்தில் ஒரு பங்கோடு அதற்கும் மனுப் போடுங்கள். உங்கள் பெண் நர்சுப் படிப்புப் படிக்கிறேன் என்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

கடைசி வார்த்தையை நான் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் பெண் தாயார் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "அம்மா, நான் பெரியவள் ஆனதும் பானை தோண்டுகிறவளாகவும் ஆகவேண்டும், ஊசி போடுகிற நர்சம்மாவாகவும் ஆகவேண்டும். இரண்டும் ஆகலாமா?" என்று கேட்டாள்.

"முதலில் நர்சம்மா ஆகு" என்றாள் என் மனைவி. "பானைகள் மூவாயிரம் வருஷம் காத்திருந்தவை, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும்."